மாங்காய், அன்னம், தாமரை: கலம்காரிக்கு உருவை நேரில் பார்த்து எடுப்பது எப்படி

புடவைக் கரையிலுள்ள மாங்காயை இன்னொரு புடவையைப் பார்த்து வரைகிறோம். அந்தப் புடவையும் வேறெதையோ பார்த்து வரைந்ததுதான். நாலு கை மாறியதும் காம்பு எந்தப் பக்கம், மூக்கு எந்தப் பக்கம் என்பது வரைகிறவருக்கே தெரியாமல் போகிறது. நுனி ஏன் அப்படி வளைகிறது என்று கேட்டால் "அது அப்படித்தான்" என்பதே பதில்.

நெசவிலும் அச்சிலும் இதை மறைக்க முடியும். துணியில் குச்சியால் கையாலேயே வரையும் கலம்காரியில் முடியாது. மூங்கில் குச்சி துணியைத் தொட்ட இடம் கறுப்பாகிவிடும், அழிக்க வழியில்லை. எங்கே போய் முடியும் என்று தெரிந்த கோடு ஒரே இழுப்பில் ஓடும். தெரியாத கோடு நடுவில் நிற்கும், நின்ற இடத்தில் மை ஊறிப் பொட்டாகும். துணியில் காணும் மைத்திட்டுகளில் பாதி மையின் குற்றமல்ல, உருவைச் சரியாகப் பார்க்காத குற்றம்.

சித்தூர், நகரி, புத்தூர், சத்தியவேடு, திருத்தணிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கிளிமூக்கு மாங்காய் தோப்பிலேயே கிடைக்கும். தாமரைக் குளம் தூரமில்லை. பழவேற்காடு ஏரி ஒரு நாள் பயணத்துக்குள் இருக்கிறது. குச்சி பிடிக்கும் கை காளத்தியிலேயே (ஸ்ரீகாளஹஸ்தி) இருக்கிறது. கீழே முதலில் பார்ப்பது, பிறகு துணி, மை, சாயம்.

மாங்காய்

எந்த மாங்காயை எடுத்தாலும் ஆகாது. மல்கோவா உருண்டை. பங்கனப்பள்ளி நீள்முட்டை வடிவம், நுனியில் சொல்லிக்கொள்ளும்படி வளைவு இல்லை. வேண்டியது கிளிமூக்கு, அதாவது தோதாபுரி. பெங்களூரா என்றும் சொல்வார்கள். கூழ் ஆலைகளுக்காகச் சித்தூர் மாவட்டத்தில் அதிகம் பயிராகும் ரகம் இதுதான். வைகாசிக் கடைசியிலிருந்து ஆனி முடிய மண்டிகளில் குவிந்து கிடக்கும். ஆனால் மண்டிக்காய் காம்பு ஒடிந்து வரும். தோப்பில் கேட்டு, இரண்டு அங்குலக் காம்பும் ஓர் இலையும் சேர்த்துப் பறித்த காயாக வாங்குங்கள். பறித்ததும் காம்பு கீழே பார்க்கச் சாய்த்துப் பாலை வடியவிட வேண்டும். அந்தப் பால் தோலில் பட்டால் புண்ணாகும், தாளில் பட்டால் கறை போகாது.

காயை வெள்ளைத் தாளின் மேல் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைத்து நேர்மேலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் முதுகு. காம்பிலிருந்து மூக்கு வரை வெளிப்பக்கமாகவே வளைந்து, எங்கும் உள்வாங்காமல் போகும். மறுபக்கம் வயிறு. காம்பிலிருந்து இறங்கிப் புடைத்து, பிறகு ஒடுங்கி, மூக்குக்குச் சற்று முன்னால் ஒரு குழிவாக உள்வாங்கி, மறுபடி மூக்கை நோக்கி வெளியே வரும். எல்லாமே இந்தக் குழிவில்தான் இருக்கிறது. புடவை மாங்காயின் சுருள் நுனி இந்தக் குழிவை மிகைப்படுத்தியதே. முதுகையும் வயிற்றையும் ஒரே அளவு வளைத்து வரைபவர்களுக்கு மாங்காய் தலைப்பிரட்டை போல வந்து நிற்கும்.

முதலில் முதுகுக் கோட்டை ஒரே இழுப்பில் வரையுங்கள். பிறகு வயிறு. தாளில் இருபது முப்பது தடவை வரைந்தால் கைக்குப் பழகிவிடும். அதன் பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். மரத்தில் மூக்கு கீழே தொங்குகிறது, துணியில் அது மேலே நிற்கிறது. திருப்பாமல் நேராகவே மூக்கு மேலிருக்க வரையப் பழகினால் புடைப்பு எப்போதும் நடுவுக்கு ஏறிவிடும்.

துணிக்கான அளவு: உயரம் 10 செ.மீ. என்றால் அகலம் 6 செ.மீ.; மிகப் புடைத்த இடம் அடியிலிருந்து 4 செ.மீ. உயரத்தில்; சுருள் தொடங்குவது 8 செ.மீ. உயரத்தில். சுருளின் முனை உடலின் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நுனி உடைந்து விழுவதுபோலத் தெரியும்.

இனி உட்பகுதி. இன்னொரு காயைக் கொட்டையோடு நெடுக்காக வெட்டுங்கள். முற்றாத காய் என்றால் அரிவாள்மணையில் சுலபமாக வெட்டுப்படும். தோல், சதை, ஓடு, நடுவே பருப்பு என்று வரம்புகள் தெரியும். கரை மாங்காயில் வெளிப்பட்டை, புள்ளிப் பட்டை, உள்ளே பூ என்று அடுக்குவதற்கு இதைவிட நல்ல வரைபடம் கிடையாது. கவனிக்க வேண்டியது ஒன்று: ஓடு வெளிக்கோட்டுக்கு இணையாக மூக்கு வரை போவதில்லை, முன்னதாகவே முடிந்துவிடுகிறது. துணியிலும் உட்கோட்டைச் சுருள் தொடங்குமுன் முடித்துவிடுங்கள். சுருளின் முனை வரை உட்கோட்டை இழுத்தால் இரண்டு கோடுகளுக்கும் இடையே இடமில்லாமல் மை சேர்ந்து கறுப்புக் கட்டியாகும். பழகாதவர் துணியில் மாங்காய் நுனிகள் எல்லாம் கறுத்திருப்பதற்கு இதுவே காரணம்.

இந்த உருவம் மாங்காயிலிருந்துதான் பிறந்தது என்று அடித்துச் சொல்லக் கூடாது. காஷ்மீர் சால்வைகளில் 17-ஆம் நூற்றாண்டில் இருந்தது வேரோடும் இலையோடும் நிற்கும் ஒற்றைப் பூச்செடி. பூவின் பாரத்தில் செடியின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். 18-ஆம் நூற்றாண்டில் அது அடர்ந்த பூங்கொத்தாகி, பிறகு கொத்தைச் சுற்றி ஒரு வரம்புக் கோடு வந்து, 19-ஆம் நூற்றாண்டில் இன்று தெரியும் கூம்பாக இறுகியது. அந்தச் செடிக்குப் பாரசீகத் தொடர்பும் உண்டு. நம் பக்கத்துத் தறியில் அது மாங்காயாகிவிட்டது, அவ்வளவுதான். வரைகிறவருக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. உள்ளே நிரப்பும் பூக்கொடி அடியில் ஒற்றைத் தண்டாகத் தொடங்கி மேலே போகப் போகச் சாய்ந்தால் உருவம் உயிரோடிருக்கும். நடுவில் ஒரு வட்டப் பூவை வைத்துச் சுற்றிலும் இலை ஒட்டினால் செத்துவிடும்.

அன்னம்

காலண்டர்ப் படங்களைப் பார்த்து வரைந்தால் வருவது ஐரோப்பியக் குளத்து வெள்ளைப் பறவையான ஸ்வான். 1899-இல் ரவி வர்மா வரைந்த தமயந்திக்கு முன்னால் நிற்பதும் அந்தச் சாயல் பறவைதான். அச்சுப் படங்கள் வழியாக அந்த உருவமே மனத்தில் தங்கிவிட்டது. தென்னிந்தியக் காடுகரைகளில் அப்படிப்பட்ட பறவை இல்லை. அன்னம் எது என்று தேடிய ஆய்வாளர்கள் பலர் சுட்டுவது வரித்தலை வாத்தை. மத்திய ஆசியாவிலும் திபெத்திலும் இனம்பெருக்கி, இமயத்தைக் கடந்து குளிர்காலத்துக்கு இங்கே வரும் பறவை அது.

கார்த்திகையிலிருந்து மாசி வரை பார்க்கலாம். பழவேற்காட்டுப் பக்கம் சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் ஊடே போவதால் நின்று பார்க்க வசதி. அங்கே கண்ணை இழுப்பது பூநாரைக் கூட்டம்தான். நீண்ட காலும் நீண்ட கழுத்துமாக இருப்பது அன்னமல்ல. வாத்துகள் எல்லா ஆண்டும் ஒரே இடத்தில் ஒரே எண்ணிக்கையில் இறங்காது. உறுதியாகப் பார்க்க வேண்டுமானால் திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம் போவது நல்லது. எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி போதும். காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் கழுத்துப் பட்டை தெரியாது.

பார்க்க வேண்டியவை: வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள். கழுத்தின் இருபக்கமும் இறங்கும் வெள்ளைக் கோடு. சாம்பல் உடல். மஞ்சள் கலந்த ஆரஞ்சு அலகும் காலும். அலகின் அடி தடித்தது, நுனி குறுகியது. முக்கியமாகக் கால் எங்கே முளைக்கிறது என்று பாருங்கள். இது புல் மேயும் பறவை, நடக்கத் தெரிந்தது. கால் உடலின் நடுவில் இருக்கிறது. வயலில் மேயும் நாட்டு வாத்துக்குக் கால் பின்னால் தள்ளியிருக்கும், அதனால்தான் அது ஆடி ஆடி நடக்கிறது. அன்ன நடை என்று பாடுகிறோமே, அதற்குக் காலைப் பின்னால் தள்ளி வரைந்தால் நடை எப்படி வரும்? பாதத்தில் முன்னோக்கி மூன்று விரல், விரலிடையே சவ்வு, பின்னால் சிறு விரல் ஒன்று. கோழிக்கால் போட்ட அன்னங்கள் கடைகளில் நிறையத் தொங்குகின்றன.

கழுத்து ஸ்வானைப்போல நீளமில்லை. நிமிர்ந்து நிற்கும்போது கிட்டத்தட்ட நேராக இருக்கும், திரும்பிப் பார்க்கும்போதும் இறகு கோதும்போதும்தான் வளையும். ஆகவே வளைந்த கழுத்து வேண்டுமானால் அலகைச் சிறகுக்குத் திருப்பி வரையுங்கள். முன்னோக்கிய தலைக்கு எஸ் வளைவு கொடுத்தால் பறவை காலண்டருக்குத் திரும்பிப் போய்விடும்.

வால் வேறு கதை. துணியிலும் கல்லிலும் அன்னத்தின் வால் பூங்கொடியாகச் சுருண்டு போகும். அது கலைஞனின் வால், பறவையுடையதல்ல. அதை விட வேண்டியதில்லை, எங்கே தொடங்குவது என்பதே கேள்வி. மடக்கிய சிறகின் நுனி வாலின் மேல் குறுக்கே விழும் இடத்தை நேரில் பாருங்கள். அந்தச் சந்திப்பிலிருந்து கொடியைத் தொடங்கினால் உடலும் கொடியும் ஒட்டும். முதுகிலிருந்தே தொடங்கினால் பறவை செடிக்குள் சிக்கிக்கொண்டதுபோல் இருக்கும்.

தாமரை

இதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றே: பூ தாமரை, இலை அல்லி. தாமரை இலை வட்டம், வெட்டே கிடையாது. தண்டு இலையின் நடுவில் சேர்கிறது. முற்றிய இலை தண்ணீருக்கு மேலே எழுந்து நிற்கும். அல்லி இலையில் காம்பு வரை ஒரு பிளவு இருக்கும், நீரில் படிந்து மிதக்கும். தாமரைத் தண்டில் சொரசொரப்பான முள் உண்டு. பூவின் நடுவே தட்டையான தலையுள்ள மஞ்சள் பொகுட்டு இருக்கும், அதில் குழிகள். அல்லியில் அது இல்லை. பிளவுபட்ட இலைக்கு மேலே பொகுட்டு வைத்த பூவை வரைந்தால் குளத்தோரம் வளர்ந்தவர் யாரும் சிரிப்பார்.

பூ காலையில் விரிந்து வெயில் ஏற மூடத் தொடங்கும், மூன்று நான்கு நாளில் இதழ் உதிரும். ஒன்பது மணிக்குள் வரைந்து முடியுங்கள். முதல் நாள் பூ கிண்ணமாகக் குவிந்திருக்கும், இரண்டாம் நாள் நன்றாக விரிந்திருக்கும். தேவியின் கையில் கொடுக்க முதல் நாள் பூ, பீடமாக்க இரண்டாம் நாள் பூ. இதழ் நரம்புகள் அடியிலிருந்து நெடுக்காக ஓடி நுனியில் கூடும். அந்த நரம்பை மூன்று கோட்டுக்கு மேல் துணியில் போடாதீர்கள். வரைவது எப்போதும் முன்னிதழிலிருந்து. பின்னிதழை முதலில் வரைந்துவிட்டால், முன்னிதழ் அதன் மேல் ஏற வேண்டிய இடத்தில் கறுப்புக் கோடு குறுக்கே நிற்கும்.

மற்றவை சுருக்கமாக. கிளியின் பாதத்தில் இரண்டு விரல் முன்னே, இரண்டு பின்னே. மயிலின் தோகை வாலல்ல, வாலுக்கு மேலிருந்து வருவது. தோகை விரியும்போது குட்டையான உண்மை வால் பின்னால் நின்று அதைத் தாங்கும். யாளியை எங்கும் போய்ப் பார்க்க முடியாது, கோயில் மண்டபத் தூணில் கல்லைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் துதிக்கையை யானையிடமும் பின்தொடையை நாயிடமும் பார்த்துவிட்டு யாளிக்கு வந்தால் கோடு தடுமாறாது. ஒரே மரத்தில் பத்து விதப் பூப் பூக்கும் பெரிய மரத் திரைச்சீலைகளுக்கு அசல் தேட வேண்டாம். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வாடிக்கையாளர் விருப்பத்துக்காகச் சோழமண்டலக் கரையில் சீனப் பாறையும் பாரசீகப் பூவும் கலந்து செய்த சரக்கு அது.

துணி

நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பம் தறிகளில் வெளுக்காத காடா துணி கிடைக்கும். முழுப் பருத்தியா என்று ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையும் பொடிச் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர் கலப்பு, அதில் இந்தச் சாயம் எதுவும் ஏறாது. இரவு முழுதும் ஊறவைத்து, அடித்துத் துவைத்துக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் கஞ்சி இன்னும் போகவில்லை, மறுபடி துவையுங்கள்.

5 மீட்டர் துணிக்கு, உலர்ந்த எடை சுமார் 750 கிராம் என்று வைத்துக்கொண்டு:

கடுக்காய்த் தோல் தூள் 150 முதல் 200 கிராம் (கொட்டை நீக்கியது)
காய்ச்சாத எருமைப்பால் 1 லிட்டர்
தண்ணீர் 3 லிட்டர்

கடுக்காயைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிப் பாலைச் சேருங்கள். துணியை அரை மணி முதல் ஒரு மணி வரை புரட்டிப் புரட்டி ஊறவைத்து, ஒரே அளவாகப் பிழிந்து, நல்ல வெயிலில் மடிப்பில்லாமல் காயப் போடுங்கள். கடுக்காயின் துவர்ப்புத்தான் கறுப்பைப் பிடிக்கும். பாலின் கொழுப்பும் புரதமும் மை இழை வழியே ஓடாமல் தடுக்கும். பசும்பாலில் கொழுப்புக் குறைவு, கோட்டின் ஓரத்தில் முடி முடியாகப் பரவும். பாக்கெட் பாலும் அப்படியே. பிழிவது ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய என்றால் காய்ந்த பின் மஞ்சள் வரிகள் தெரியும், அவை கடைசி வரை போகாது. நிழலில் காயப் போட்டால் பால் புளித்து நாறும். மேகமூட்டமான நாளில் இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம்.

மையும் குச்சியும்

கறுப்புக்குச் சாயப்பொடி எதுவும் இல்லை. துருப்பிடித்த இரும்பு அரைக் கிலோ, வெல்லம் கால் கிலோ, கருப்பட்டி 100 கிராம், தண்ணீர் 4 லிட்டர், ஒரு மண்பானை. ஆணி, லாடம், கொல்லன் பட்டறைத் துண்டு எதுவானாலும் சரி. பெயின்ட், எண்ணெய் இருந்தால் சருகில் போட்டுச் சுட்டுவிடுங்கள். துத்தநாகம் பூசிய ஆணி, ஸ்டெயின்லெஸ் ஆகாது. வெல்லத்தையும் கருப்பட்டியையும் கரைத்து இரும்பின் மேல் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, மூன்று வாரம் வைத்து, தினமும் ஒரு தடவை கிளறுங்கள். வெல்லம் நொதித்துக் காடியாகும், காடி இரும்பைக் கரைக்கும். பானையை இறுக மூடினால் காற்றில்லாமல் நொதிப்பு பாதியில் நிற்கும்.

பதம் பார்க்க, பதப்படுத்திய துணியில் ஒரு சொட்டு விடுங்கள். உடனே கருத்தால் சரி. சாம்பலும் பழுப்புமாக நின்றால் இன்னும் ஒரு வாரம். சொட்டைச் சுற்றி மங்கலான வளையம் வந்தால் நீர்த்துவிட்டது, வடிகட்டித் திறந்துவைத்துச் சுண்டவிடுங்கள். மிகவும் கடுமையாக இருந்தாலும் தீங்குதான். பழைய துணிகளில் மற்ற இடம் நன்றாக இருக்க, கறுப்புக் கோட்டின் வழியே மட்டும் இழை இற்றுப்போய்க் கிழிந்திருப்பதைப் பார்க்கலாம். இரும்பும் காடியும் சேர்ந்து பஞ்சை அரிப்பதால் வருவது அது. கறுப்பால் பெரிய இடங்களை நிரப்பாதீர்கள், கோட்டுக்கு மட்டும் வையுங்கள்.

குச்சிக்கு விரல் தடிமனில் மூங்கில் அல்லது ஈச்சங்குச்சி, ஒரு சாண் நீளம். கோட்டுக்கு ஊசி முனையாகச் சீவியது ஒன்று, நிரப்புவதற்கு முனையை நசுக்கித் தூரிகையாக்கியது ஒன்று. முனைக்கு 3 செ.மீ. மேலே கம்பளித் துணியை எலுமிச்சை அளவு சுற்றி நூலால் இறுக்குங்கள். அந்த உருண்டைதான் மைக்கூடு. தோய்த்து, விளிம்பில் ஒரு தடவை பிழிந்து, வரையும்போது விரலால் மெல்ல அழுத்தினால் மை முனைக்கு இறங்கும். உருண்டை முனைக்கு மிக அருகில் இருந்தால் சொட்டும், மிக மேலே இருந்தால் கோடு பாதியில் வறண்டுவிடும்.

முதல் குறிப்புக்குப் புளியங்குச்சிக் கரி. சுண்டுவிரல் தடிமன் குச்சிகளைப் பானையில் அடுக்கி, மணல் போட்டு மூடிச் சுட்டால் எரியாமல் கரியாகும். இந்தக் கரிக்கோடு தட்டினால் உதிர்ந்துவிடும், பென்சில் கோடு போகாது.

தாளில் எடுத்த உருவைத் துணிக்கு மாற்றும்போது ஒரே ஒரு கணக்கு: குச்சிக் கோடு ஒன்றரை மி.மீ. வரை தடிக்கும், இரண்டு கோட்டுக்கு இடையே குறைந்தது 3 மி.மீ. விடுங்கள். இதன்படி உள்ளே பூக்கொடி வைக்கும் மாங்காய் 6 செ.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது. அதைவிடச் சிறிய புட்டாவுக்கு வெளிக்கோடும் நடுவில் ஒரு பொட்டும் போதும். கரியில் எல்லா விவரமும் போட வேண்டாம். முதுகு, வயிறு, புடைப்பின் இடம், சுருளின் தொடக்கம் மட்டும் குறித்துவிட்டு மீதியைக் குச்சிக்கு விடுங்கள். கரிக்கோட்டின் மேலேயே ஊர்ந்து போகும் மைக்கோடு தயங்கும்.

இடப்பக்கம் மேலிருந்து தொடங்கி வலப்பக்கம் கீழே வாருங்கள், கை ஈர மையில் படாது. துணிக்கு அடியில் பழைய கம்பளம் விரியுங்கள். கட்டாந்தரையில் வைத்தால் மை கீழே தேங்கி மறுபடி மேலே ஏறும்.

சிவப்பு

சிவக்க வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தடவ வேண்டும். 1 லிட்டர் வெந்நீரில் 100 கிராம் படிகாரம், ஆறவைத்து வடிகட்டியது. கரைசலுக்கு நிறமில்லாததால் எங்கே தடவினோம் என்று தெரியாது. பதிமுகச் சாறு சில துளி விட்டால் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்புக் கோட்டை ஒட்டி மட்டும் தடவுங்கள். ஈரம் கோட்டைத் தாண்டினால் சிவப்பும் தாண்டும். ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள் காயவிடுங்கள்.

அடுத்தது அலசல், பலரும் கெடுப்பது இங்கேதான். ஒட்டாத படிகாரம் துணியை விட்டுப் போக வேண்டும், போனது திரும்ப வந்து ஒட்டக் கூடாது. வாளித் தண்ணீரில் அலசினால் கரைந்தது வெள்ளை இடங்களில் படியும், சாயத்தில் போட்டதும் அங்கெல்லாம் ரோஜா நிறத் திட்டு எழும்பும். காளத்தியில் இந்த வேலை பொன்முகலி ஆற்றை நம்பி வளர்ந்ததற்கு ஓடும் தண்ணீரே காரணம். ஆறு பெரும்பாலான மாதங்களில் மணலாகக் கிடப்பதால் இப்போது போர்வெல் குழாயின் கீழ்தான் அலசல். அப்படியானால் துணியைத் தொட்டியில் தேக்காமல், விரித்துப் பிடித்து, தண்ணீர் ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் வெளியேறும்படி பத்து நிமிடம் காட்டுங்கள். வெள்ளை வாளியில் பிடித்து வைத்தால் பழுப்புப் படியும் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. அதில் அலசினால் சிவப்பு மங்கிக் காவியாகும், மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள்.

பழைய சோழமண்டலச் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. மணற்பாங்கான நிலத்தில் வளரும் இம்பூறல் என்ற செடியின் வேர் அது. இப்போது தேவையான அளவுக்குக் கிடைப்பது அரிது. நாட்டு மருந்துக் கடை மஞ்சிட்டியே நடைமுறை. 5 மீட்டருக்கு 400 கிராம் தூள், துணி தாராளமாக மூழ்கும் தண்ணீர், செம்பு அல்லது ஸ்டெயின்லெஸ் பாத்திரம். இரும்பு அண்டா வைத்தால் சிவப்பு கருத்துப்போகும். குளிர்ந்த தண்ணீரிலேயே துணியைப் போட்டு, ஒரு மணி நேரத்தில் மெல்லச் சூடேற்றி, கை வைக்க முடியாத சூட்டில், ஆனால் கொதிக்காமல், முக்கால் மணி வையுங்கள். தளதளவென்று கொதித்தால் மஞ்சிட்டியின் பழுப்பு இறங்கிச் செங்கல் நிறமாகும். கழியால் விடாமல் புரட்டுங்கள். மிதந்து நிற்கும் மடிப்பு வெளுத்துவிடும்.

எடுத்துப் பார்க்கும்போது துணி முழுதும் இளஞ்சிவப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம். மாட்டுச்சாணி கரைத்த தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து, அலசி, மணலிலோ புல்லிலோ விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்தபடி இரண்டு மூன்று நாள் வெயில் காட்டினால் படிகாரம் படாத இடம் வெளுத்துவிடும், பட்ட இடம் நிற்கும். இதைப் பிளீச்சிங் பவுடரால் ஒரு மணியில் முடிக்கப் பார்த்தால் சிவப்பும் சேர்ந்து போகும்.

மஞ்சளும் மற்றதும்

வெளுத்த துணியில் பாலின் காப்பு போயிருக்கும். பாலும் தண்ணீரும் ஒன்றுக்கு இரண்டாகக் கலந்து மறுபடி தோய்த்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் மஞ்சள் ஊர்ந்து பரவும். 1 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கடுக்காய்ப்பூ போட்டுப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, 10 கிராம் படிகாரம் சேர்த்தால் மஞ்சள். மாதுளைத் தோலும் இதே கணக்கு, சற்றே பழுத்த நிறம் வரும். பச்சை வேண்டுமானால் நீலத்தின் மேல் மஞ்சள். நீலம் மட்டும் தொல்லை. கரைந்த அவுரி காற்றுப் பட்டதும் கரையாத நிலைக்குத் திரும்பிவிடுவதால் குச்சியின் முனையிலேயே அது கெட்டுப்போகும். முதல் துணியில் நீலத்தை விட்டுவிடுங்கள். கறுப்பு, சிவப்பு, மஞ்சள் மூன்றிலேயே கிளிமூக்கு மாங்காய் நன்றாக வரும்: வெளிப்பட்டை சிவப்பு, சதை மஞ்சள், ஓட்டின் இடத்தில் வெள்ளைத் துணியின் மேல் பூக்கொடி. வரித்தலை வாத்துக்கு இன்னும் வசதி, தலைப்பட்டை கறுப்பாகவும் கழுத்துக் கோடு துணியின் வெள்ளையாகவும் நின்றால் போதும்.

முடிந்த துணியை மறுபடி ஓடும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். முதல் இரண்டு மூன்று துவைப்புக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் மட்டும், தனியாக. சோடா கலந்த சோப்பு மஞ்சளை முதலில் எடுக்கும், பிறகு சிவப்பை. பால் வாசனை இரண்டு துவைப்பில் போகும். அதற்குள் பெட்டியில் மடித்து வைத்தால் வெள்ளிமீன் பூச்சி தேடி வரும்.